கணக்கு நோட்டு மேகத்துக்குப் போனால், சாவி யாரிடம்?

என் மாமனார் கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டில் வீட்டுக் கணக்கு எழுதுவது அவர் வழக்கம். பால் பாக்கெட்டில் தொடங்கிக் கோயில் உண்டியல் வரை ஒரு வரி விடுபடாது. சென்ற ஆண்டு பொங்கலுக்குப் போயிருந்தபோது, அவருடைய கைபேசியில் வரவு செலவுச் செயலி ஒன்றை நிறுவிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆர்வமாக எழுதினார். மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, இந்த நோட்டு இப்போது எங்கே இருக்கிறது?"

"உங்கள் ஃபோனில்தான், மாமா."

"ஃபோன் தொலைந்துவிட்டால்?"

"புது ஃபோன் வாங்கி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும்."

"எங்கிருந்து வரும்?"

"கிளவுடிலிருந்து."

"அப்படியானால் நோட்டு ஃபோனில் மட்டும் இல்லை. வேறு யாரிடமோ இருக்கிறது. நான் யாரிடம் என்று கேட்கிறேன், நீங்கள் எதில் என்று பதில் சொல்கிறீர்கள்."

எனக்குப் பதில் சொல்ல அரைமணி நேரம் பிடித்தது. அந்த அரைமணி நேரப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்கு செய்து இங்கே எழுதுகிறேன். இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு விதப் பேச்சு உலவுகிறது. "எல்லாம் என்கிரிப்ட் ஆகிவிட்டது, கவலையே வேண்டாம்" என்பது ஒன்று. "கிளவுடில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும்" என்பது மற்றது. இரண்டு பேருமே பூட்டைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். மாமா கேட்டது சாவியைப் பற்றி.

மளிகைக் கடைப் பற்று நோட்டு

மாதச் சம்பளக் குடும்பங்கள் மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கிய காலம் பலருக்கு நினைவிருக்கும். பல ஊர்களில் இன்றும் உண்டு. கடைக்காரரிடம் ஒரு பெரிய பேரேடு இருக்கும், நம்மிடம் ஒரு சின்னப் பற்று நோட்டு இருக்கும். துவரம்பருப்பு ஒரு கிலோ வாங்கினால் அவர் இரண்டிலும் எழுதுவார். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும்.

கணினி உலகில் இதற்கு ஒத்திசைவு என்று பெயர். சிங்க் என்று சொல்வதும் இதையே. ஓரிடத்தில் எழுதியது மற்ற இடங்களிலும் அதே போல் பதிவாகி, எல்லா நகல்களும் ஒரே நிலையில் இருக்குமாறு பார்த்துக்கொள்வதுதான் ஒத்திசைவு. நீங்கள் பஸ்ஸில் இருந்தபடி கைபேசியில் 'டிக்கெட் 23 ரூபாய்' என்று எழுதுகிறீர்கள். மாலையில் வீட்டு மடிக்கணினியைத் திறந்தால் அதே வரி அங்கே இருக்கிறது.

நடுவில் ஓர் ஆள் எதற்கு? நீங்கள் பஸ்ஸில் எழுதும்போது மடிக்கணினி மூடிக் கிடக்கிறது. மடிக்கணினியைத் திறக்கும்போது கைபேசியில் சார்ஜ் இல்லாமல் போகலாம். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் என்று உறுதி இல்லை. அதனால் எப்போதும் விழித்திருக்கும் மூன்றாவது கணினி ஒன்று வேண்டியிருக்கிறது. கைபேசி தன் மாற்றத்தை அதனிடம் கொடுத்துவிட்டுப் போகும், மடிக்கணினி பிறகு வந்து வாங்கிக்கொள்ளும். அந்த மூன்றாவது கணினிதான் சர்வர். நிறுவனங்கள் இப்படிப்பட்ட கணினிகளை ஆயிரக்கணக்கில் பெரிய கட்டடங்களில் அடுக்கி வைத்து வாடகைக்கு விடுகின்றன. அந்த ஏற்பாட்டைத்தான் கிளவுட் என்றும் மேகக்கணிமை என்றும் சொல்கிறோம். தரையில், மின்சாரக் கட்டணத்தோடு, யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும் இயந்திரம் அது.

ஆக, உங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தால் நோட்டுக்கு மூன்று நகல்கள். மூன்றாவது நகல் உங்கள் வீட்டில் இல்லை. மாமாவின் கேள்வியில் பாதிக்கு இதுதான் பதில்.

பற்று நோட்டில் ஒரு சிக்கல் வருமே, நினைவிருக்கிறதா? நோட்டை எடுத்துக்கொள்ளாமல் பிள்ளையை அனுப்பி எண்ணெய் வாங்கியிருப்போம். கடைப் பேரேட்டில் ஒரு வரி அதிகமாக இருக்கும், நம்முடையதில் இருக்காது. ஒத்திசைவிலும் இதே தகராறு உண்டு. இணையம் இல்லாத நேரத்தில் கணவர் ஒரு செலவை 500 என்று திருத்துகிறார், மனைவி அதே வரியை 550 என்று திருத்துகிறார். எதை வைத்துக்கொள்வது? பழைய முறையில் கணக்குக் கோப்பு முழுவதையும் கோப்புகளை இணையத்தில் வைத்து ஒத்திசைக்கும் டிராப்பாக்ஸ் போன்ற சேவை ஒன்றில் போட்டு வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றினால் அது 'முரண்பட்ட நகல்' என்று இரண்டாவது கோப்பு ஒன்றை உண்டாக்கிவிட்டு நகர்ந்துகொள்ளும். தீர்ப்பு நம் தலையில். இன்றைய செயலிகள் பெரும்பாலும் முழு நோட்டை அனுப்புவதில்லை. 'இந்த நேரத்தில் இந்த வரி இப்படி மாறியது' என்ற சிறு சீட்டுகளை மட்டும் அனுப்பி, எல்லாக் கருவிகளிலும் அவற்றை ஒரே வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன. இதற்கு மேல் உள்ள கணக்கு நுட்பம் நமக்குத் தேவையில்லை.

அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்

நானே சூடு பட்டுக் கற்ற ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் பயன்படுத்திய ஒரு செயலியில் செலவு வகைகள் கைபேசித் திரையில் அடங்காமல் வழிந்தன. கைபேசியில் மட்டும் சுருக்கிக்கொள்வோம் என்று நினைத்து 'மருத்துவம்' என்ற வகையை நீக்கினேன். உறுதியா என்று கேட்டது, ஆம் என்றேன். இரவு மடிக்கணினியைத் திறந்தால், மூன்று ஆண்டு மருந்துச் செலவெல்லாம் 'வகைப்படுத்தாதவை' என்ற பெருங்குவியலில் போய்க் கலந்திருந்தது. அந்த ஆண்டு வருமான வரிக்காக மருத்துவச் செலவைத் திரும்ப எண்ணி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று.

செயலியின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அழிப்பதும் ஒரு மாற்றம்தான். ஒத்திசைவு தன் வேலையை ஒழுங்காகச் செய்து, என் தவறை எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் காப்புநகல் என்று நம்பியிருந்தது காப்புநகலே இல்லை. காப்புநகல் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்து, அதன் பிறகு மாறாமல் தனியே வைக்கப்பட்ட நகல். 'கிளவுடில் இருக்கிறது, போகாது' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒத்திசைவுக்குப் பெரும்பாலும் நடுவில் ஒரு சர்வர் வேண்டும், அங்கே உங்கள் நோட்டின் நகல் ஒன்று தங்கும். அந்த நகல் உங்கள் கருவியில் நடப்பதையெல்லாம் பின்பற்றும், தவறு உட்பட. இனி, அந்த நகலை யார் படிக்க முடியும் என்று பார்க்கலாம்.

பணவண்டி, பெட்டக அறை, லாக்கர்

செயலிகளின் விளம்பரப் பக்கத்தில் '256 பிட் என்கிரிப்ஷன், வங்கிக்கு நிகரான பாதுகாப்பு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் அந்தச் சொல். என்கிரிப்ஷன், தமிழில் மறையாக்கம், என்பது படிக்கக்கூடிய தகவலைச் சாவி இல்லாமல் படிக்கவே முடியாத குப்பை எழுத்தாக மாற்றுவது. சாவி என்பது இங்கே ஒரு மிக நீண்ட ரகசிய எண். ஏஇஎஸ் என்ற முறை 2001 முதல் அமெரிக்க அரசின் தரநிலையாக இருக்கிறது. அதை 256 பிட் நீளச் சாவியோடு சரியாகப் பயன்படுத்தினால், ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்து உடைப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் பூட்டின் தரத்தைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை. எந்த இடத்தில் பூட்டுகிறார்கள், சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே மாமாவுக்கு அவருடைய வங்கியே உதாரணமாக அமைந்தது.

வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வண்டியை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிக் காவலர், இரும்புக் கதவு, எல்லாம் உண்டு. சாலையில் யாரும் தொட முடியாது. ஆனால் வங்கி வாசலுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து எண்ணித்தானே ஆக வேண்டும்? உங்கள் கைபேசிக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போகும்போது நடப்பது இதுதான். உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் தெரியுமே, அது இந்த வழித்துணைப் பூட்டு. வழியில் இருப்பவர் படிக்க முடியாது. போய்ச் சேர்ந்த இடத்தில் திறக்கப்படும்.

அடுத்தது பெட்டக அறை. மாமாவின் வங்கியில் ஒரு சாவி காசாளரிடமும் இன்னொன்று மேலாளரிடமும் இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்தால்தான் திறக்கும். திருடன் இரவில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரண்டு சாவியும் வங்கி ஆட்களிடமே இருக்கின்றன. சர்வரின் வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) தகவலைப் பூட்டி வைப்பது இது போன்றது. வட்டைக் கழற்றிக்கொண்டு ஓடுபவனிடமிருந்து காப்பாற்றும். நிறுவனமே திறக்க நினைத்தால், அதன் ஊழியருக்கு அனுமதி இருந்தால், நீதிமன்ற உத்தரவு வந்தால், ஊழியரின் கணக்கைக் கைப்பற்றி ஒருவன் உள்ளே நுழைந்தால், திறக்கும். பெரும்பாலான செயலிகளின் 'வங்கிக்கு நிகரான பாதுகாப்பு' இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது லாக்கர். வங்கியின் சாவியைப் போட்டுத் திருப்பினாலும், வாடிக்கையாளரின் சாவி இல்லாமல் திறக்காது. உள்ளே இருப்பது நகையா, பத்திரமா, பழைய காதல் கடிதமா, வங்கிக்குத் தெரியாது. இதற்கு நிகரானது எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். முழுவழி மறையாக்கம் என்று சொல்லலாம். உங்கள் கைபேசியிலேயே பூட்டப்பட்டு, உங்கள் மடிக்கணினியில்தான் திறக்கிறது. நடுவில் உள்ள சர்வர் திறக்க முடியாத பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்கிறது.

"லாக்கர் சாவி தொலைந்தால் கம்பெனி ஆளை வரவழைத்து, வாடிக்கையாளர் முன்னிலையில் உடைத்துக் கொடுப்போம். இங்கே?" என்றார் மாமா.

இங்கே உடைக்க ஆளில்லை. பொதுவாகச் சாவி உங்கள் கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது. அதை மறந்து, மீட்புச் சாவி என்று கொடுத்த நீண்ட எழுத்து வரிசையையும் தொலைத்துவிட்டால், பத்தாண்டுக் கணக்கும் குப்பை எழுத்தாகவே கிடக்கும். நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை. படிக்க முடியாது என்று அவர்கள் சொன்னது உண்மை என்பதற்கு அதுவே சாட்சி.

இதிலிருந்தே ஒரு சோதனை கிடைக்கிறது. எந்தச் செயலியிலும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பாருங்கள். மின்னஞ்சலில் ஓர் இணைப்பு வந்து, புதுக் கடவுச்சொல் போட்டதும் பழைய கணக்கெல்லாம் அப்படியே திரும்பத் தெரிந்தால், சாவி அவர்களிடம் இருக்கிறது. நூறு பக்கத் தனியுரிமைக் கொள்கையைப் படிப்பதைவிட இந்த ஒரு நிமிடம் அதிகம் சொல்லும்.

சாவி அவர்களிடம் இருப்பது கெட்ட எண்ணத்துக்கு அடையாளம் அல்ல. ஆனால் அவர்களுடைய தவறு உங்கள் தவறாகிவிடும். 2011 ஜூன் 19 அன்று டிராப்பாக்ஸில் ஒரு நிரல் பிழையால், ஏறத்தாழ நான்கு மணி நேரம் எந்தக் கடவுச்சொல்லைப் போட்டாலும் யாருடைய கணக்குக்குள்ளும் நுழைய முடிந்தது. மறையாக்கம் அன்றும் இருந்தது. கதவைத் திறந்துவிடும் அதிகாரம் சர்வரிடம் இருந்ததால் அது பயன்படவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2022 டிசம்பரில் ஐகிளவுட் என்ற தன் கிளவுட் சேவையில் உள்ள காப்புநகலுக்கும் முழுவழி மறையாக்கத்தைக் கொண்டுவந்தது, ஆனால் நாமே போய் இயக்கினால்தான் உண்டு. பிரிட்டனில் அரசின் அழுத்தத்துக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில் அந்த வசதியை அங்கே புதிதாகத் தருவதை நிறுத்திக்கொண்டது. சாவி நிறுவனத்திடம் இல்லாவிட்டால் யாருக்கு எரிச்சல் வருகிறது என்பதை இதில் பார்க்கலாம்.

வரவு செலவு மென்பொருள்களில் ஆக்சுவல் பட்ஜெட் என்ற திறமூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) மென்பொருள் முழுவழி மறையாக்கம் தருகிறது. அங்கும் அது விருப்பத் தேர்வுதான், தனியாக ஒரு கடவுச்சொல் வைத்து நாமே இயக்க வேண்டும். இவ்வகையில் 'இருக்கிறது' என்பதற்கும் 'இயங்குகிறது' என்பதற்கும் உள்ள தூரத்தில் பலர் விழுந்திருக்கிறார்கள். உள்நுழைவுக்கான ஒருமுறை எண்களைத் தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர் செயலி 2023 ஏப்ரலில் ஒத்திசைவைச் சேர்த்தபோது, அதில் முழுவழி மறையாக்கம் இல்லை என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டு சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி ஒரு வரி: வழியில் பூட்டு, இருப்பிடத்தில் பூட்டு, முழுவழிப் பூட்டு என்று மூன்று உண்டு. மூன்றுக்கும் ஒரே விளம்பர வாசகம். முதல் இரண்டில் நிறுவனத்தால் படிக்க முடியும், மூன்றாவதில் முடியாது.

உறையின் மேல் எழுதியிருப்பது

கடிதத்தை ஒட்டி அனுப்பினாலும், உறையின் மேல் பெறுநர் முகவரி திறந்துதான் இருக்கும். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் பெட்டகச் சேவையிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்கள் களவு போயின. கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. ஆனால் அவை எந்தெந்த இணையதளங்களுக்கு உரியவை என்ற முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன. ஒருவர் எந்த வங்கியில் கணக்கு வைத்திருக்கிறார், எந்தக் கிரிப்டோ சந்தைக்குப் போகிறார் என்பதைத் திருடர் படித்துக்கொள்ள முடிந்தது. எந்தப் பெட்டியை உடைக்க மெனக்கெடலாம் என்று தேர்ந்தெடுக்க அது போதும்.

"என் கணக்கில் என்ன ரகசியம் இருக்கிறது, பாலும் தயிரும்தானே" என்பவர்களுக்காக ஒரு சின்னப் பட்டியல். ஒரு பெண்ணின் ஒரு மாதச் செலவில் சில வரிகள் மட்டும்: மருந்துக் கடை 180 ரூபாய். பத்து நாள் கழித்து ஸ்கேன் மையம் 1,200. அதே தெருவில் மகப்பேறு மருத்துவர் ஆலோசனைக் கட்டணம் 500. இரும்புச்சத்து மாத்திரை 240. மாதக் கடைசியில், வழக்கமாக வாங்கும் காபித்தூள் இல்லை. மாமியாருக்குச் சொல்வதற்கு முன்பே செயலிக்குத் தெரிந்துவிட்டது.

பெயரை நீக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. 2015இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 11 லட்சம் பேருடைய மூன்று மாதக் கடன் அட்டைச் செலவுகளைப் பெயர், அட்டை எண் எதுவும் இல்லாமல் எடுத்துக்கொண்டு பார்த்தது. எந்த நாள், எந்தக் கடை என்ற விவரம் நான்கே நான்கு வாங்குதல்களுக்குத் தெரிந்தால், 90 விழுக்காட்டினரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தது. செலவுப் பட்டியல் கைரேகை போன்றது என்பதால், பெயர் அட்டையைக் கிழித்துப் போட்டு மறைக்க முடியாது.

நோட்டுக்குள் வரி எப்படி வருகிறது?

இதுவரை சொன்னது நோட்டை வைக்கும் இடம் பற்றி. ஆனால் என் அனுபவத்தில் பெரிய ஓட்டை இருப்பது நோட்டுக்குள் தகவல் நுழையும் வாசலில். கையால் எழுதுகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. 'தானாகவே எழுதிக்கொள்ளும்' செயலிகளுக்குத்தான் உண்டு.

நம் நாட்டில் மிக எளிய வழி குறுஞ்செய்தி. வங்கி அனுப்பும் 'உங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கப்பட்டது' என்பதைச் செயலி படித்து எழுதிக்கொள்ளும். வசதிதான். ஆனால் அந்த அனுமதி வங்கிச் செய்திக்கு மட்டும் என்று கிடையாது. ஓடிபி, ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிவு, பள்ளிக் கட்டண நினைவூட்டல், அண்ணன் தம்பிச் சண்டை எல்லாம் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. இதனால்தான் கூகுள் 2018 அக்டோபரில் குறுஞ்செய்தி அனுமதியைப் பெரும்பாலான செயலிகளுக்கு மறுக்கும் விதியை அறிவித்தது. ஆனால் வரவு செலவுச் செயலிகளுக்கு விலக்கு கொடுத்தது. ஐஃபோனில் எந்தச் செயலிக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து படிக்க வழியே இல்லை.

அமெரிக்காவில் நீண்ட காலம் நடந்தது வேறு விதம். வாடிக்கையாளர் தன் இணைய வங்கிக் கடவுச்சொல்லையே செயலியிடம் கொடுத்துவிடுவார். அது அவர் பெயரில் உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டு வரும். வீட்டுச் சாவியை மளிகைக் கடைப் பையனிடம் கொடுத்து, சாமானை உள்ளே வைத்துவிட்டுப் போ என்பது போல. இப்படிச் செயலிகளை வங்கிகளோடு இணைத்துவிடும் பிளெய்ட் நிறுவனத்தின் மேல், தேவைக்கு அதிகமாகத் தகவல் திரட்டியதாகவும், வங்கியின் சொந்தப் பக்கம் போலத் தோன்றும் நுழைவுத் திரைகளைக் காட்டியதாகவும் வழக்கு வந்தது. தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2021இல் அது 5.8 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொள்ள இசைந்தது.

இந்தியாவில் இதற்கு மாற்றாக வந்திருப்பது அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் விதிகளை வெளியிட்டது, 2021 செப்டம்பரில் எட்டு வங்கிகளோடு நடைமுறைக்கு வந்தது. கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கணக்கு, எந்தக் காலத்து விவரம், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று நாம் ஒப்புதல் கொடுத்தால், வங்கி அந்த விவரத்தை மறையாக்கம் செய்து அனுப்பும். நடுவில் இருக்கும் அக்ரிகேட்டர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். படிக்கவோ தன்னிடம் வைத்துக்கொள்ளவோ கூடாது. அரக்கு முத்திரை வைத்த பதிவுத் தபாலைத் தபால்காரர் கொண்டுவருவது போல. ஒப்புதலை நாம் பின்னர் விலக்கிக்கொள்ளவும் முடியும். விவரத்தைப் பெறுகிற இடமும் ரிசர்வ் வங்கி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி போன்ற ஏதாவது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் வர வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதையும் லாக்கர் என்று நினைத்துவிடக் கூடாது. முத்திரை உடைபடும் இடம் ஒன்று இருக்கிறது, அது தகவலைக் கேட்ட நிறுவனம். அங்கே போன பிறகு அவர்களுடைய பெட்டக அறைதான். தபால்காரர் யோக்கியமானவர் என்பதால் கடிதத்தைப் பெற்றவரும் அப்படியே என்று ஆகிவிடாது. ஒப்புதல் திரையில் 'காலம்' என்ற வரியைப் பலர் பார்க்காமலே கடந்துபோகிறார்கள். ஒரு முறைக் கடன் விண்ணப்பத்துக்கு ஓராண்டுத் தொடர் அனுமதி எதற்கு என்று ஒரு நொடி நின்று கேட்கலாம்.

நிறுவனமே இல்லாமல் போனால் என்ன ஆகும்? மின்ட் என்ற அமெரிக்கச் செயலி 2007இல் தொடங்கி, இலவசமாகக் கிடைத்து, லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக் கணக்கைச் சுமந்தது. கடன் அட்டைகளையும் கடன்களையும் பரிந்துரைத்து அதற்கான தரகில் சம்பாதித்தது. 2009இல் இன்டியூட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 மார்ச்சில் மூடிவிட்டது. பயனர்கள் அதே நிறுவனத்தின் வேறொரு சேவைக்கு வழிகாட்டப்பட்டார்கள். பதினாறு ஆண்டுக் கணக்கெல்லாம் யாருடைய சொத்து என்ற கேள்வி அன்றைக்குப் பலருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

இந்தியாவில் 2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நம் தகவலை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. பாதுகாப்பில் கோட்டை விட்ட நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமிருக்கிறது. சட்டம் இருப்பது ஆறுதல். ஆனால் களவு போன தகவலை அபராதம் திரும்பக் கொண்டுவராது.

மேகமே வேண்டாம் என்றால்

அதற்கும் வழிகள் உண்டு. குனூகேஷ் போன்ற மென்பொருள் கணக்கை உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளும், யாரிடமும் அனுப்பாது. இரண்டு கருவிகளில் வேண்டுமென்றால், சிங்க்திங் போன்ற மென்பொருள்கள் நடுவில் நகல் எதையும் நிறுத்தி வைக்காமல் நேராகக் கருவிக்குக் கருவி பரிமாறும். மூன்றாவது ஆள் எதற்கு என்று முதலில் பார்த்தோமே, அந்த வசதியை இங்கே விட்டுக்கொடுக்க வேண்டும்: இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும்.

இந்த வழிக்குப் போகிறவர்கள் செய்யும் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கைக் கிளவுடில் வைக்கமாட்டேன் என்று விரதம் இருந்துவிட்டு, மாதக் கடைசியில் முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்து, ஆடிட்டருக்குச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அது இரண்டு பேருடைய அஞ்சல் பெட்டிகளிலும் பூட்டில்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மாமாவின் கைபேசிக் கடவு எண் 1234 என்பதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். முப்பது ஆண்டு பெட்டகச் சாவி வைத்திருந்தவர்.

வீட்டுக்குள் யாருக்குத் தெரியலாம்?

கடைசியில் மாமா ஒரு முடிவுக்கு வந்தார். சிவப்பு நோட்டு தொடரும். அதோடு, முழுவழி மறையாக்கம் உள்ள செயலி ஒன்றில் மாதக் கூட்டுத்தொகைகளை மட்டும் எழுதுவார். மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, நோட்டின் பின்னட்டைக்குள் ஒட்டிவைத்தார். குடும்பத்தில் எல்லோரும் எழுதலாமே என்று அத்தையின் கைபேசியிலும் அதே செயலியை நிறுவச் சொன்னார். நான் நிறுவி, மாமாவின் கணக்கிலிருந்து அழைப்பும் அனுப்பினேன்.

முழுவழி மறையாக்கம் நிறுவனத்தை வெளியே நிறுத்தும். அதே சாவியைப் பகிர்ந்துகொண்ட வீட்டு ஆளை நிறுத்தாது. பகிர்ந்த கணக்கில் ஒருவர் எழுதியது மற்றவருக்கு உடனே தெரியும், என்றைக்கு எழுதினார், எப்போது திருத்தினார் என்பது உட்பட. செயலி செய்பவர்கள் இதை வசதி என்றே எழுதுகிறார்கள்.

அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருடைய அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குக் கீழே சிறுவாட்டுப் பணம் இருக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. என் மனைவியின் முதல் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வந்தது.

"தம்பி, நான் இதில் எழுதினால் இவருடைய ஃபோனிலும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும், அத்தை. உடனே."

சரி என்று தலையாட்டிவிட்டு, கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஓராண்டு ஆகிவிட்டது. மாமாவின் செயலியில் அத்தையின் பெயருக்கு நேரே 'அழைப்பு இன்னும் ஏற்கப்படவில்லை' என்றே இருக்கிறது.